காய்ச்சல் வராத அக்கா

வெள்ளவத்தை பிளாட்டில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் கொரோனா உறுதியானது. நான் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தேன். அவளோ சமைத்தபடி போனில் சிரித்துக் கதைத்தாள். எல்லா அதிர்ஷ்டமும் இவளுக்குத்தானா என்று வயிறெரிந்தது.

மூன்றாம் நாள், "மூச்சு ஒரு மாதிரி இருக்கு, ஒக்சிஜன் பாக்கிற மெஷினை ஒருக்காத் தா" என்றாள்.

"உனக்கென்ன வருத்தம்? நான்தானே சாகக் கிடக்கிறன்" என்று கொடுக்க மறுத்தேன்.

மறுநாள் காலை அவளுடைய உதடுகள் நீலமாகியிருந்தன. பதறிப்போய்க் கருவியை அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டியது எண்பத்திரண்டைக் காட்டியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "உங்கட உடம்பு உடனே சண்டை பிடிச்சது, அதுதான் காய்ச்சல். அக்காவின்ர நுரையீரல் கலங்களுக்குள்ள வைரஸ் பூந்து பெருகியும், உடம்பு பிந்தித்தான் முழிச்சிருக்கு."

அக்கா பிழைத்து வீடு திரும்பினாள். என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அந்த மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றும் அவள்மேல் பொறாமைதான்.