கவரின் பின்பக்கம்

அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது வலது கால் சேஃப்டி ஷூவுக்குள் போகவில்லை. நாடாவை முழுக்கத் தளர்த்தியும் குதிகால் வெளியிலேயே நின்றது. மழையில் நனைந்து ஷூ சுருங்கிவிட்டது என்று திட்டிக்கொண்டே செருப்போடு போய், கேட்டில் அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன். சாயங்காலம் என் மனைவி செல்வி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"ஷூ ஒண்ணும் சுருங்கல. நீங்கதான் வீங்கியிருக்கீங்க" என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்போதுதான் ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கலாம். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கிவிட்டது என்று காட்டும் அளவு) கொஞ்சம் ஏறியிருந்தது.

"பிரஷர் ரொம்ப நாளாவே இருந்திருக்கு சார். கிட்னி அடிவாங்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை தரேன். ஆனா உப்பைக் குறைக்கலன்னா மாத்திரை மட்டும் போதாது. இப்படியே விட்டா டயாலிசிஸ் வரைக்கும் போயிடும்."

டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஷாப்பில் (தொழிற்சாலைப் பட்டறைப் பிரிவில்) ஒருவர் வாரம் மூன்று நாள் அதற்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அவருடைய கை நரம்புகளைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே பயந்துபோனேன்.

பயந்த மனிதன் என்ன செய்வான்? வீட்டில் சட்டம் போட்டேன். "இனிமே குழம்புல ஒரு கல் உப்பு கூட விழக் கூடாது." இரண்டு பேருக்கு இரண்டு சமையல் எதற்கு என்று செல்வியும் என்னோடு உப்பில்லாமலே சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு ரத்த அழுத்தமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

இங்கே எங்கள் கேன்டீன் (சலுகை விலைக் கடை) விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் கார்டில் ஒரு கோட்டா உண்டு. அந்த மாதம் வாங்காவிட்டால் போச்சு. விட்டுவிட்டு வந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. சோப்பு, எண்ணெய், பருப்பு வாங்கிய பிறகும் கோட்டா மிச்சமிருந்தால் சூப் பாக்கெட், மசாலா ஓட்ஸ், நூடுல்ஸ், தக்காளி சாஸ், பாட்டில் ஊறுகாய் என்று பை நிரம்பும் வரை அடுக்குவோம். உப்பில்லாத சாம்பார் தொண்டையில் இறங்காதபோது எனக்கு இவைதான் கைகொடுத்தன. உப்புமாவுக்கு சாஸ். மோர்சாதத்துக்கு ஊறுகாய். சாயங்காலம் ஒரு கப் சூப். காலையில் ஓட்ஸ், அது உடம்புக்கு நல்லதாயிற்றே!

ஒரு மாதம் கழித்துப் போனால் பிரஷர் இறங்கவே இல்லை. கால் வீக்கமும் அப்படியே. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டாக்டரம்மாவுக்கு முன்னாலேயே செல்வியைக் காட்டி, "இவ எனக்குத் தெரியாம உப்புப் போடுறா மேடம். அதான் இறங்கல" என்றேன்.

செல்வி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா எங்களைப் பக்கத்து அறையிலிருந்த டயட்டீஷியனிடம் (உணவு ஆலோசகர்) அனுப்பினார். சின்ன வயதுப் பெண், ஆனால் கறார். "ஒரு வாரம் நீங்க சாப்பிடுற எல்லாத்தோட கவரையும் எடுத்துட்டு வாங்க சார். குப்பையில போடாதீங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு பை நிறைய கவர்கள். கேன்டீன் பையைக் கவிழ்த்தேன். மேசை நிறைந்துபோயிற்று.

"இன்ஸ்பெக்‌ஷன்ல வேலைன்னு சொன்னீங்கல்ல? பின்னாடி திருப்பி நீங்களே படிங்க" என்றார்.

படித்தேன். சோடியம் என்று போட்டிருந்தால் அது உப்பின் கணக்கு என்று சொல்லிக் கொடுத்தார். சூப், ஓட்ஸ், நூடுல்ஸ் மசாலா, சாஸ் எல்லாவற்றிலும் அது இருந்தது. ஊறுகாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முடி அளவு வித்தியாசத்துக்கு உதிரிபாகத்தை ரிஜெக்ட் செய்கிறவன் நான். வாயில் போடுகிற ஒரு பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. நாலாவது கவரோடு நிறுத்தி, மீதியை மறுபடியும் பைக்குள் திணித்தேன்.

செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ நான் எதுக்குங்க ஒரு மாசமா உப்பில்லாமத் தின்னேன்?"

பஸ் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டேன். "பஸ் வருது, ஏறுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு பாக்கெட்டுகளை நிறுத்தினோம். குழம்பில் அளவாகக் கொஞ்சம் உப்பு போடலாம் என்று டயட்டீஷியனே சொல்லிவிட்டார். காலையில் இட்லியோ கேழ்வரகு தோசையோ. சாயங்காலம் சுண்டல். புளிப்பும் பூண்டும் மிளகும் சேர்ந்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது என்பது செல்வியின் கண்டுபிடிப்பு. எந்தக் காய், எந்தப் பழம், எவ்வளவு பருப்பு என்பதை என் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒருநாளும் விடவில்லை.

பட்டாபிராமிலிருந்து வரும் முனுசாமி அண்ணன் என்னோடு டீ குடிப்பவர், நல்ல மனுஷர். "இன்னா நைனா, உப்பில்லாம இன்னாத்த துன்றே? இந்துப்பு வாங்கினு போ. மலையில வெட்டி எடுக்கறது, ஒண்ணும் பண்ணாது" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. இந்த முறை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று டயட்டீஷியனிடம் கேட்டேன். "மலையில வெட்டினாலும் அதுவும் உப்புதான் சார்" என்றார். அண்ணனிடம் சொன்னேன். "அட, நானும் அதத்தானே துன்னுகினு கீறேன்" என்று மறுநாளே பிரஷர் பார்க்கப் போனார்.

முதல் மூன்று வாரம் நாக்கு என்னோடு சண்டை போட்டது. சோற்றைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பிறகு ஒருநாள் ரசத்தில் தக்காளியின் ருசி தனியாகத் தெரிந்தது. சின்ன வெங்காயம் இனித்தது. இத்தனை வருடம் நான் இவற்றைச் சாப்பிட்டதே இல்லையோ என்று தோன்றியது.

நாலாவது மாதம் ரிப்போர்ட் வந்தது. பிரஷர் கட்டுக்குள். புரதக் கசிவு நன்றாகக் குறைந்திருந்தது. கிரியாட்டினின் ஏறாமல் நின்றிருந்தது. "போன வரைக்கும் போனதுதான் சார், இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. எழுந்து நின்று கும்பிட்டேன். அவருக்கும், கவர் கேட்ட அந்தப் பெண்ணுக்கும் நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லி முடியாது.

இப்போது என் மாதங்கள் கேன்டீன் தேதியால் நகர்வதில்லை, ரத்தப் பரிசோதனைத் தேதியால் நகர்கின்றன. தினமும் ஷூவைக் கழற்றியதும் காலை அழுத்திப் பார்க்கிறேன். விரலை எடுத்தவுடன் சதை மேலே வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறேன்.

ரிப்போர்ட் வந்த அன்று இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நாலு மாதமும் செல்வி என் சாப்பாட்டையேதான் சாப்பிட்டாள். தனியாக உப்பு தொட்டுக்கொண்டதே இல்லை. நான் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, அவள் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தேன்.

அவள் சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"கரிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மீதியைத் தட்டோரமாக ஒதுக்கினாள்.