தேசம்மா பேரில் சீட்டு இல்லை

தேசம்மா போய்விட்டாள்.

இன்று விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலிகாத்தான் புதருக்குப் போனவளை விரியன் கடித்துவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது...

காலையிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு "ஆழ்ந்த இரங்கல்" போடுகிறீர்கள். போடுங்கள். அவள் ஏன் அந்தப் புதருக்குப் போனாள் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

புயலில் எங்கள் குப்பத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை பறந்த வருடம் அது. வெளியூரிலிருந்து மேஸ்திரி வரட்டும், ஆசாரி வரட்டும் என்று ஊரே காத்துக் கிடந்தது. எனக்கு மரவேலையும் கொத்துவேலையும் யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்ததைப் பிரித்துப் பார்த்து, கையைக் கிழித்துக்கொண்டு நானாகக் கற்றேன்.

பொதுவில் ஒரு பட்டறை வைப்போம், என் சாமானை எல்லாம் அங்கே போடுகிறேன், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தரட்டும், அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளலாம் என்றேன். சிரித்தார்கள்.

தேசம்மா சிரிக்கவில்லை. அவள் புருஷன் கடலோடு போன பிறகு அவனுடைய வலைக் கொட்டகை சும்மா கிடந்தது. "எட்த்துக்கோண்ணே. ஆனா மொத வேல என்னுது" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு பாத்ரூம். நாலு சுவர், ஒரு கதவு. அவ்வளவுதான்.

நானே கட்டித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ கட்டிக் குட்த்துட்டுப் பூடுவ. நாள பின்ன கதவு பேந்துக்கினா ஒன்னத் தேடிக்கினு வரணுமா? கத்துக் குடு, நானே கட்டிக்கிறேன்."

ஒரு நாள் சிமெண்ட் வாங்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனோம். டச்சுக்காரர்கள் கல்லறைக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"செத்தவனுக்கு இன்னாமா சொவரு கட்டி, வாசல் வெச்சி, கதவு போட்டுக்கீறான் பாருண்ணே. உசுரோட கீறவளுக்கு ஒரு கதவு இல்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவர் மார்பளவுக்கு எழும்பியது. கரண்டி பிடித்தது அவள்தான். நான் நூல் பிடித்ததோடு சரி.

அதைப் பார்த்துத்தான் கூட்டம் வந்தது. ஒரே ஒரு டிரில்லிங் மெஷின், ஒரே ஒரு நல்ல ரம்பம்... எனக்கு உனக்கு என்று சண்டை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பட்டறைக்கும் பாடு வைத்துவிடலாம் என்றார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதுதான் பாடு. சண்டை வராமல் இருக்கத்தான் அது. ஆனால் எங்கள் ஊரில் கல்யாணமான ஆம்பிளை பேருக்குத்தான் பாடு. ஏரிக்கு வைத்த சட்டத்தை அப்படியே தூக்கி உளிக்கும் ரம்பத்துக்கும் வைத்தார்கள்.

குலுக்கும் அன்று, தேசம்மா பேரையும் எழுதிப் போடுங்கள் என்றேன். ஊர்த் தலைவருக்குக் கோபம்.

"இன்னா பெர்சு, பொம்பளைக்குப் பாடு உண்டா? எந்த ஊர் வயக்கம் இது?"

"கொட்டாயே அவுளுதுபா."

"கொட்டாய் அவுளுது. பாடு ஊருது."

பின்னாலிருந்து தேசம்மா குரல் கொடுத்தாள். "அப்போ என் கொட்டாயப் பேத்து ஏரில மெதக்க வுட்டு மீன் புடிங்க நைனா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பேரை மட்டும் எழுதவில்லை.

அவள் பேர் இல்லாமல் சீட்டுக் குலுக்க விடமாட்டேன் என்று சீட்டுப் போட்டிருந்த பானையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நான் வழிக்கு வரும்வரை இருக்கட்டும் என்று ஊர் கொட்டகையைப் பூட்டியது. என் சாமானெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. வந்து ஒரு வார்த்தை தணிந்து பேசு, திறந்துவிடுகிறோம் என்று பல தடவை ஆள் அனுப்பினார்கள். நான் போகவில்லை. இன்று வரை போகவில்லை.

மார்பளவுச் சுவருக்கு மேலே அவள் கட்டிய தார்ப்பாய் ஒரு வாடைக்காற்றுக்குக்கூட நிற்கவில்லை. வெளியே சாமான் இரவல் வாங்கி மீதியையாவது நான் முடிக்கிறேனே என்று கேட்டேன்.

"நீயும் வுடாத, நானும் வுடல. பூட்டு தொறக்கட்டும்ணே" என்றாள்.

பூட்டு இன்று காலை திறந்தது.

அவளைத் தூக்கிப்போக மூங்கில் அறுக்க வேண்டுமாம். தலைவரே என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"பெர்சு, ரம்பம் துரு புட்ச்சிக்கீது. கொஞ்சம் தீட்டி அறுத்துக் குடு. நேரமாவுது."

"இன்னைக்கு யாரு பாடு?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு போனார். மூங்கிலை அரிவாளால் வெட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன்.

போய்ட்டு வாம்மா தேசம்மா...