மோட்டார் வராத கரையில் பதினேழு டிராக்டர்

எஞ்சினியர் ஐயா, உங்கள் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருப்பது பொய். தெரியாமல் எழுதிய பொய்யும் இல்லை.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பீளமேட்டில் இருக்கும் இந்த எஞ்சினியர் எங்கள் சைக்கிள் சங்கத்தின் தலைவர். மில் மெஷின் பயிற்சிக்காக ஆறு மாதம் பிரெஞ்சு நாட்டில் இருந்தவர். அங்கே கிராமப்புறத்தில் கால்வாய் ஓரமாகவே நாள் கணக்கில் சைக்கிளில் போகலாமாம். ஒரு காலத்தில் குதிரைகள் படகு இழுத்த பாதைகளாம். கார், லாரி எதற்கும் அனுமதி இல்லையாம். திரை கட்டிப் படம் காட்டினார். நம் பக்கத்திலும் அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று சொல்லிக் கையேடு அச்சடித்தார். கொடுமுடியிலிருந்து ஈரோடு வரை, காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நாற்பது கிலோமீட்டர். "ஆண்டு முழுவதும் மோட்டார் வாகனம் நுழையாத பாதை" என்பது அவர் எழுதிய வரி. கோடை விடுமுறையில், வைகாசி முதல் வாரம், முப்பத்திரண்டு பிள்ளைகளை அதில் கூட்டிப்போவதாகத் திட்டம்.

பட்டியலில் பதினான்காவது பெயர் என் மகள் கவிதா. வயது பன்னிரண்டு. போன வருடம் திருச்சி ரோட்டில் ஒரு லாரி உரசி, இடது கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு எட்டு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. மோட்டார் வராது என்ற அந்த ஒரு வரியை நம்பித்தான் மறுபடி ஏறினாள். நானும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. நான் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். சுற்றி முடித்ததை டெஸ்ட் பண்ணாமல் வெளியே அனுப்பமாட்டேன். சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் கவிதாவும் பாதையைப் பார்க்கக் கிளம்பினோம்.

காலை 5.40. சிங்காநல்லூர் பஸ் நிலையம். இரண்டு சைக்கிளையும் பஸ்ஸின் மேலே ஏற்றக் கண்டக்டர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கேட்டார்.

"ஏனுங்க்கா, சைக்கிள மேல போட்டுட்டு நீங்க பஸ்ல வாரீங்க. சைக்கிளு உங்கள ஓட்டுதா, நீங்க சைக்கிள ஓட்டறீங்களா?"

"ரசீதக் குடுங்க மொதல்ல," என்றேன்.

காங்கயத்தில் வேறு பஸ் மாறி, முத்தூர் வழியாகக் கொடுமுடி போய்ச் சேர்ந்தபோது மணி 9.30. டீக்கடையில் கேட்டேன்: "வாய்க்காக் கரையில சைக்கிள்ல போலாமுங்களா?"

"போலாமுங்க. தாராளமாப் போங்க."

பூக்காரம்மாவிடம் கேட்டேன். "போலாமுங் கண்ணு." கரும்பு வண்டியில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். "ஏனுங், போலாமுங்க." மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதும் எனக்குச் சந்தேகம் கூடியது. நம் பக்கத்தில் வெளியூர்க்காரர் முகத்துக்கு நேராக இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். போலாமா என்று கேட்டால் போலாமுங்க என்பார்கள். போனால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் பதில் வரும். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. தப்பு என் மேலும் இருக்கிறது.

10.15. கரைப் பாதையின் தொடக்கம். கையேட்டின் அட்டைப் படம் எடுத்த இடம் இதுதான். படத்தில் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கம்பி, அதில் பூட்டு, பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர், பின்னால் கரை முட்டத் தண்ணீர். நான் பார்த்தபோது கம்பி தூக்கி வேப்பமரத்தில் கயிற்றால் கட்டியிருந்தது. வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தண்ணி எங்கம்மா?" என்றாள் கவிதா.

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நாலு கிலோமீட்டர் எஞ்சினியர் எழுதியபடியே இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை நிழல். வலது பக்கம் வாழை, தள்ளிக் கரும்பு. அடிச்சேற்றில் கொக்குகள். கவிதா ஒற்றைக் கையை எடுத்துவிட்டு ஓட்டினாள், லாரி உரசிய பிறகு முதல் தடவையாக. அவரை வீணாகச் சந்தேகப்பட்டோமோ என்று கூட நினைத்தேன்.

10.50. பின்னால் ஹாரன். திரும்பினால் டிராக்டர். டிரெய்லர் நிறையக் கறுப்பு வண்டல். கரையின் அகலம் ஒரு டிராக்டருக்குத்தான் சரி. இடது பக்கம் பத்தடிப் பள்ளத்தில் வாய்க்கால், வலது பக்கம் சரிவு. கவிதா ஓரம் கட்டவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். கை இரண்டும் ஹேண்டில்பாரை விடவில்லை. நான் என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அவளைப் பிடித்து இழுத்தேன். அவள் சைக்கிள் உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது.

டிரைவர் குதித்து இறங்கி ஓடி வந்தார்.

"அம்மணி, அடிபட்டுப்போச்சா? கையக் காட்டு சாமி."

"மோட்டார் வண்டி வரக்கூடாத எடத்துல ஏனுங்க டிராக்டர் ஓட்டறீங்க?" என்று கத்தினேன்.

"யாருங்க்கா சொன்னது? தண்ணி நிறுத்துனா மண்ணு எடுக்கறதுதானுங்களே. இந்த ஒரு மாசத்துல எடுத்துப்போட்டாத்தான் வயக்காட்டுக்கு எரு. தண்ணி வந்துபோட்டா மறுக்கா அடுத்த வருசந்தானுங்க. எங்கய்யன் காலத்துல மாட்டு வண்டி, இப்ப டிராக்டர்."

"குழந்தைங்க வருவாங்கன்னு தெரியாதா?"

"இந்த மாசத்துல எங்கூட்டு நாயக்கூட கரைல உடமாட்டோமுங்க."

அவரே பள்ளத்தில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கி வந்தார். ஹேண்டில்பார் வளைந்திருந்தது. அங்கிருந்து ஊஞ்சலூர் வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் சரிவில் இறங்கி நின்றோம். கவிதா எண்ணினாள். பதினேழு.

12.30. ஊஞ்சலூர் அருகே மதகுப் பக்கம் ஒரு கொட்டகை. அங்கே இருந்தவர் அட்டைப் படத்தில் பார்த்த அதே காக்கிச் சட்டை. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர். வளைந்த ஹேண்டில்பாரைத் தொடையில் இடுக்கி அவரே நிமிர்த்திக் கொடுத்தார். கையேட்டைக் காட்டினேன்.

"அட, நம்ம போட்டோ! போட்டோப் புடிச்ச ஐயா ஒண்ணு அனுப்பிவெச்சாருங்க. ஊட்டுல மாட்டி வெச்சிருக்கறனுங்க. உள்ள என்னங்க எழுதியிருக்குது? நமக்குப் படிக்க வராது."

ஏழாம் பக்கத்தை வாசித்தேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

"நாஞ் சொன்னனுங்களே. கார்த்திகைல வந்தாருங்க. ஏனுங்கய்யா, சித்திரைப் பாதிலருந்து வைகாசிப் பாதி வரைக்கும் தண்ணிய நிறுத்திப்போடுவோம், கம்பியத் தூக்கிருவோம், கரை பூரா டிராக்டருங்க, அப்ப வந்துராதீங்கன்னு சொன்னனுங்க. சின்ன நோட்டுல எழுதிக்கிட்டாருங்க."

அவரையும் நான் சும்மா நம்பவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள யாரும் எதையும் சொல்லலாம். வந்தவர் எப்படி இருந்தார், வேறு என்ன பேசினார் என்று கேட்டேன்.

"வெள்ளத் தொப்பிங்க. கழுத்துல கேமரா. பிரெஞ்சு நாட்டு வாய்க்காலப் பத்திச் சொன்னாருங்க. அங்க வருசம் பூராத் தண்ணி நிக்குமாமுங்க, படகு போறதுக்கு. நாஞ் சொன்னேன், இங்க வாய்க்கா படகுக்கு இல்லீங்க, வயலுக்குங்க, வயலுக்கு வேண்டாதப்ப அடைச்சுப்போடுவோம்னு. அதையும் எழுதிக்கிட்டாருங்க."

அந்தப் பிரெஞ்சு நாட்டுக் கதையை நாங்கள் பீளமேட்டில் படம் பார்க்கும்போது கேட்டோம். ஊஞ்சலூர் லஸ்கருக்கு அதை வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

மாலை 3 மணிக்குமேல் ஊஞ்சலூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஈரோடு, அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர். ரயில் பெட்டியில் கவிதா கேட்டாள்: "டூரை நிறுத்திருவீங்களாம்மா?"

"ஆமா கண்ணு."

"நிறுத்தாதீங்க. கார்த்திகைல போலாம்னு சொல்லுங்க. மொத நாலு கிலோமீட்டர் நல்லா இருந்துச்சு."

அவள் சொன்னது சரி. அந்தப் பாதையில் ஒரு குற்றமும் இல்லை. தண்ணீர் ஓடும்போது பிள்ளைகள் போகட்டும், தண்ணீர் நிற்கும்போது விவசாயி மண் எடுக்கட்டும். அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை. எஞ்சினியர் ஐயா, உங்களுக்கும் தெரியும். ஆனால் விடுமுறை வைகாசியில்தான் வருகிறது, பிள்ளைகள் கிடைப்பது அப்போதுதான். அதனால் நோட்டில் எழுதியதைக் கையேட்டில் எழுதாமல் விட்டீர்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். இல்லை என்றால் சொல்லுங்கள். நான் தப்பென்று ஒப்புக்கொள்கிறேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டாம். சங்கத்து ஆள் யாரையும் என் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் அப்பா அம்மா இருப்பார்கள். அந்தச் சின்ன நோட்டை எடுத்து வாருங்கள். கார்த்திகையில் எழுதிய பக்கத்தைத் திறந்து, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள். லஸ்கர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா?