கத்தரித் தோட்டத்துக்கு நாலு கல்

பொங்கலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

“டீச்சர், அம்பகரத்தூர் மனை உங்களோடதுதானே? ஒரு குழி நெலம் என்ன விலைக்குத் தர்றீங்க?”

எனக்கு மனையா? காரைக்காலில் இருபது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். “அதாங்க, கலியபெருமாள் திடல்ல கல்லு ஊனியிருக்கீங்களே…” என்றார் அந்தப் புரோக்கர். கல் ஊன்றியது நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மாடித் தோட்டம் பட்ட பாட்டை இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. தக்காளி பூக்கும், காய்க்காது. மிளகாய் அதுகூடச் செய்யாது. போதாக்குறைக்கு, மாடி ஒழுகுகிறது, தொட்டியெல்லாம் இறக்குங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். இறக்கி எங்கே வைப்பது? தலையிலா?

அப்போதுதான் கலியபெருமாள் ஞாபகம் வந்தது. அம்பகரத்தூரில் நெல் போடுகிறவர். அவர் மகள் என்னிடம் கணக்குப் படித்தவள். வயலை ஒட்டி அவருக்கு ஒரு திடல் உண்டு. மேட்டு நிலம், வாய்க்கால் தண்ணீர் ஏறாது, அதனால் நெல்லும் கிடையாது. புல் மண்டிக் கிடந்தது. அதில் ஒரு மூலையைக் கொடுத்தால் நாலு காய்கறி போடுவேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சும்மாதானே கிடக்கிறது, மூலை எதற்கு, முழுசாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

வாடகை என்று வாயெடுத்தேன். சிரித்தார். சரி, எழுத்தாவது இருக்கட்டும் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் தயாரித்துக்கொண்டு போனேன். டீச்சர் புத்தி… எண் போட்டு, உட்பிரிவு போட்டு எழுதியிருந்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. நாலாக மடித்து என் பைக்குள்ளேயே வைத்தார்.

“எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவங்க நீங்க. உங்ககிட்ட எழுதி வாங்குவனா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கார்த்திகை ஆரம்பத்தில் கத்தரி நாற்று நட்டேன். வெண்டை விதைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பஸ் ஏறிவிடுவேன். கை நகத்தில் மண் இருப்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. யாரும் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பார்க்காவிட்டால் என்ன? ஆடுகள் பார்த்துவிட்டன. மூன்றாவது வாரம் போனபோது வெண்டை இருந்த இடத்தில் மொட்டைத் தண்டும் புழுக்கையும்தான் இருந்தன.

வேலி போட வேண்டும் என்று வீட்டில் அழாத குறையாகச் சொன்னேன். என் கணவர் ஒரு யோசனைத் திலகம். அவருடைய நண்பர் வீடு கட்டி முடித்ததில் நாலு கல்தூண் மீதி இருந்தது. அதை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து திடலின் நாலு மூலையிலும் ஊன்றினோம். பச்சை வலை கட்டினோம். அதோடு விட்டேனா? எடுப்பாக இருக்கட்டும் என்று கல்லுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, தலையில் மட்டும் சிவப்பு வைத்தேன். செல்ஃபியும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நாலு மூலையில் வெள்ளைக் கல், தலையில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம்? வயல் மனையாகிவிட்டது. கைமாறியாகிவிட்டது. போர்டு மட்டும்தான் பாக்கி. தினம் பஸ்ஸில் போகும்போது எத்தனை வயலில் அந்தக் கல்லைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன்… அதே கல்லை நானே பெயிண்ட் அடித்து நட்டிருக்கிறேன்.

போன் வந்த அன்று சாயங்காலமே கலியபெருமாளைத் தேடிப் போனேன். களத்து மேட்டில் நின்றிருந்தார். கல் ஊன்றிய அன்றே பார்த்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் ஆசையாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேனாம், எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம்.

அப்புறம்தான் மெதுவாக மற்றதைச் சொன்னார். திடல் இன்னும் அவருடைய அப்பா பேரில்தான் இருக்கிறது. பாகம் பிரிக்கவில்லை. தங்கை மல்லிகாவுக்கும் அதில் பங்கு. மல்லிகா இருப்பது மாவட்டத்தின் வடக்குக் கோடியில், பூவத்தில். திடலை அண்ணன் விற்றுவிட்டார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இவர் இல்லவே இல்லை என்று சொல்லியும் நம்பாமல், இந்த வருடம் பொங்கல் சீர் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாளாம்.

“அப்பா போனப்புறம் ஒரு வருசம்கூட நான் சீர் வுட்டதில்ல டீச்சர்” என்றார். என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்தபடி சொன்னார்.

எட்டுக் கத்தரிச் செடிக்காக நான் ஓர் அண்ணனுக்குத் தங்கை வாசலை அடைத்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பூவம் போனேன். மல்லிகா மரியாதையாக உட்கார வைத்து காபி கொடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றாள். என்னிடம் ஏது? இருந்த ஒன்றரைப் பக்கத்தில் அவர் கையெழுத்தே இல்லையே.

“நெலம் பெருசில்ல டீச்சர்” என்றாள். “வித்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல? எனக்கும் அவர்தானே அப்பா.”

ஞாயிற்றுக்கிழமை கல்லையெல்லாம் பிடுங்கப் போகிறோம், வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று கெஞ்சினேன். மல்லிகா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை நானும் என் கணவரும் கடப்பாரையோடு இறங்கினோம். மழை குடித்துக் காய்ந்த களிமண், கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. கலியபெருமாளும் வந்து சேர்ந்தார். இரண்டு கல் வந்தது. மூன்றாவதைக் கட்டிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது, வரப்பில் மல்லிகா.

அண்ணனிடம் பேசவில்லை. நேராகத் திடலுக்குள் வந்தாள். கத்தரிச் செடி ஒவ்வொன்றையும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆடு கடித்த வெண்டைத் தண்டையும் பார்த்தாள். மனை போடுகிறவன் வெண்டை போடுவானா என்று அவள் மனது கணக்குப் போட்டதை என்னால் பார்க்க முடிந்தது. கணக்கு டீச்சர் இல்லையா நான்?

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மேல புடிச்சு ஆட்டுனா கல்லு வராதுன்னு அதுகிட்ட சொல்லுங்க டீச்சர். கீழ தோண்டணும்.”

‘அது’ என்பது இரண்டடி தள்ளி நின்ற அண்ணன். நான் சொல்வதற்கு முன்பே அவர் குனிந்து தோண்ட ஆரம்பித்துவிட்டார். மல்லிகா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லின் மறுபக்கத்தைப் பிடித்தாள். மூன்றாவது கல் வந்தது. நாலாவதையும் அவர்கள் இருவரும்தான் எடுத்தார்கள். நானும் என் கணவரும் சும்மா நின்றோம். அன்று நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

இனி ஆட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “முள்ளு வச்சா தோட்டம், கல்லு வச்சா மனை. அவ்வளவுதான் டீச்சர்” என்றார் கலியபெருமாள். மதியத்துக்குள் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்துக் கொடுத்துவிட்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. செல்ஃபிக்கு லாயக்கில்லை. ஆனால் இதுவரை ஓர் ஆடும் உள்ளே நுழையவில்லை, ஒரு புரோக்கரும் போன் செய்யவில்லை.

சீரைப் பற்றி அன்று மல்லிகா ஒரு வார்த்தை பேசவில்லை. கலியபெருமாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போகிக்கு முதல் நாள் அவர் கரும்பும் மஞ்சள் கொத்தும் வண்டியில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகும் பயம் போகவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால்? இருக்கட்டும் என்று முதல் முறை பறித்த என் கத்தரிக்காயை — ஒரு கிலோகூட வராது — பையில் போட்டுக் கொடுத்தேன்.

பொங்கலன்று மத்தியானம் பூவத்திலிருந்து போன்.

“காயெல்லாம் ஒரே புழு டீச்சர்” என்றாள் மல்லிகா. “பரவால்ல. அண்ணன் வந்துச்சு.”