கேஸ் வண்டிச் செல்வி

இசக்கிசெல்வியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வள்ளியூரிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கணவன் வன்னியராஜ் தம்பானூர் ஓட்டலில் புரோட்டா போட, இவள் ஆம்னி ஓட்டினாள். கேஸில் ஓடும் ஆம்னி. பின்சீட்டுக்குப் பின்னால் டாங்கி, ஸ்டியரிங் பக்கத்தில் கேஸ் அளவு காட்டும் நான்கு பச்சை விளக்குகள். கேஸ் குறையக் குறைய அவை ஒவ்வொன்றாக அணையும்.

வாரம் மூன்று நாள் ஸ்ரீவராகத்திலிருந்து உமாசங்கரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவாள். ஆடிட்டர் ஆபீசில் இருந்தவர், ஒல்லி உடம்பு. வண்டி குலுங்கினால் தாங்க மாட்டார். செல்வி ஓட்டினால் குலுங்காது.

அவள் வழக்கமாக கேஸ் நிரப்பும் பம்பை மூடிவிட்டார்கள். பைபாஸ் பக்கம் இருந்த இன்னொன்றில் பாதி நாள் 'ஸ்டாக் இல்லை' பலகை தொங்கும். பெட்ரோலிலும் ஓடவேண்டிய வண்டிதான். மூன்று வருடமாக அந்தப் பக்கமே திருப்பாததால் உள்ளே பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் மோட்டார் இறுகிப்போயிருந்தது. சரிசெய்ய வண்டியை இரண்டு நாள் நிறுத்தவேண்டும். நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கடைசி விளக்கும் மினுக்கத் தொடங்கியது. பம்புக்குப் போன் போட்டாள். லோடு வரவில்லை. பதினொரு மணிக்கு உமாசங்கர் ஆஸ்பத்திரியில் இருந்தாகவேண்டும். அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"சார், போற வழியில சாலைக் கடைத்தெருவுல அஞ்சு நிமிஷம் நிப்பாட்டணும், கேட்டேளா?"

"சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார் அவர்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் மகேஷ்குமாரின் கொட்டகை. வீட்டு சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் போட்டு வண்டிக்கு கேஸ் ஏற்றுவான். தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வண்டியை உள்ளே விட்டாள்.

"பேடிக்காதீங்க அக்கா, ஒண்ணும் ஆகாது, டெய்லி நடக்குறதுதான்" என்று சிலிண்டரைக் கவிழ்த்துவைத்துக் குழாயை மாட்டினான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கால்மாட்டிலிருந்து வாடை எழுந்தது. குழாய் பொருந்திய இடத்தில் உஸ்ஸென்ற சத்தம். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பளீரென்று நீல வெளிச்சம். யாரோ இரும்புக் கதவுக்கு வெல்டிங் வைக்கிறார்கள்.

"நிறுத்துங்கடே! கேஸு! வெல்டிங்க நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே பாய்ந்து சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள். வண்டிக் கதவை இழுத்து உமாசங்கரைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள்.

"செல்வி, என் செருப்பு..."

"கெடக்கட்டும் சார்!"

சந்து முனைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள். சுவருக்கு அப்பால் வெல்டிங் வெளிச்சம் அணைந்திருந்தது. ஒன்றும் பற்றவில்லை. வெறுங்காலோடு நின்ற அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டயாலிசிஸ் நடந்த நான்கு மணி நேரமும் வராந்தாவில் நடந்தபடியே இருந்தாள். முடிந்ததும் அவர் கேட்டார்: "அந்த எடத்துக்கு ஏம்மா என்னைக் கூட்டிண்டு போனே?"

"கேஸ் இல்ல சார். நேரமாவுதேன்னு... என் தப்புதான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே அவர் மகள் ஸ்வப்னா போன் செய்து, "இனி வரவேண்டாம்" என்றாள்.

செல்வி மறுநாளே கொட்டகையில் கிடந்த வண்டியைக் கட்டி இழுத்துவந்து மெக்கானிக் ஞானசிகாமணியிடம் விட்டாள். பெட்ரோல் மோட்டாரை மாற்றியவர், கேஸ் டாங்கியைச் சோதனைக்குக் கொடுக்கவேண்டிய தேதி தாண்டி இரண்டு வருடமாகிறது என்றார். "கழட்டிருங்க அண்ணாச்சி" என்றாள். ஆர்.சி. புத்தகத்திலும் கேஸ் என்றிருந்ததை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நான்கு நடை நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் உமாசங்கரே கூப்பிட்டார். "புதுப் பையன் பிரேக் போட்டா ஊசி குத்தின கை விண்ணுன்னு தெறிக்கறது. உன் வண்டி எதுல ஓடறது இப்போ?"

"பெட்ரோல்ல சார். டாங்கியே இல்ல. கொண்டாறேன், பாத்துக்கிடுங்க."

வண்டி வாசலுக்கு வந்ததும் ஸ்வப்னா பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிறகு அப்பாவோடு தானும் ஏறிக்கொண்டாள். அந்த வாரம் மூன்று நாளும் அப்படித்தான். அடுத்த வாரம் அவரை ஏற்றிவிட்டு, "மெல்லப் போங்க சேச்சி" என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

செல்வி தலையாட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் கேஸ் வாடை உண்டா என்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்ட பிறகே கியரை மாற்றினாள்.