சிஜியின் நீல வெளிச்சம்

விளக்கைப் போட்டதும் சிஜி முதலில் தன் முழங்கையை அதன் கீழே நீட்டுவாள். சூடு சரிதானா என்று பார்த்துவிட்டு, "எலே, ஒழுங்கா எரியணும், கேட்டியா?" என்று பல்புகளை மிரட்டுவாள். பிறகுதான் பிள்ளையைக் கிடத்துவாள்.

பாறசாலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்து இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலை ஏறி, நீல விளக்கின் கீழ் கிடத்தப்படும் சிசுக்கள் அவள் பொறுப்பு. உதியன்குளங்கரை ஜங்ஷனில் பள்ளிக்கூடப் பயல்களைக் கண்டால் விடமாட்டாள். "நீ எனக்க வெளக்குக்க அடியில துணியில்லாம கிடந்தவனாக்கும்!" என்று நடுரோட்டில் மானத்தை வாங்குவாள்.

என் தங்கை ஜிஷாவின் பிள்ளையும் அங்கே கிடந்தான். சாயங்காலத்துக்குள் மஞ்சள் இறங்காவிட்டால் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ரத்தத்தையே மாற்றவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலைப் பரிசோதனையில் இறங்கவில்லை, ஏறியிருந்தது. ஏன் என்று பார்க்க வந்த சிஜி அப்படியே நின்றுவிட்டாள். அரைஞாண் கட்டும் இருபத்தெட்டாம் நாளுக்கென்று வாங்கிய ஜரிகைக் கரை போட்ட கசவு நேரியல் துணியால் பிள்ளையைக் கழுத்துவரை மூடி வைத்திருந்தாள் ஜிஷா.

"வாறவிய போறவிய எல்லாம் பாக்கியாவ சேச்சி. கண்ணு பட்டிரும்," என்றாள் ஜிஷா சிஜியிடம்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன். சிஜி நேரியலை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தாள்.

"மக்கா, வெளிச்சம் தண்ணி போல ஒழுகி வாறதில்ல. பொதி பொதியா வரும். ஒரு நீலப் பொதி தொலிக்கு உள்ள போனா, ஒரு மஞ்சள் துணுக்கு அதை முழுசா விழுங்கி உருவம் மாறிப்போவும். பின்ன அது ஒண்ணுக்கோட தன்னால வெளிய போயிரும். சிவப்பு வெளிச்சத்த எம்பிடு கொட்டினாலும் நடக்காது. அதுக்க ஒரு பொதிக்கு அம்பிடு சக்தி கிடையாது. நீலம் பிள்ளைக்க தொலியில விழணும். துணியில விழுந்தா சிகிச்சை துணிக்காக்கும்."

ஜிஷா மடியிலிருந்த நேரியலைப் பார்த்தாள். "அப்போ நானாக்கும் கெடுத்தது, இல்லியா?"

"நீ அம்மையில்லா? மூடத்தான் தோணும்."

அன்று பகல் முழுக்க ஜிஷா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் கொடுக்க மட்டும் எடுத்தாள். பிள்ளை வெறும் மேலோடு சிணுங்கும்போதெல்லாம் மூடிவிட எனக்கே கை பரபரத்தது. ஷிஃப்ட் முடிந்தும் சிஜி வீட்டுக்குப் போகும் காரோட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போகவில்லை. கேட்டால், "மழை வாற மாதிரி உண்டு" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நன்றாக இறங்கியிருந்தது. நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. ஜிஷா அப்போதும் கையை வெளியே எடுக்கவில்லை.

சிஜி விளக்கை அணைத்தாள். வெளிச்சம் படாமல் பிள்ளையின் கண்களை மறைத்திருந்த பட்டையைக் கழற்றக் குனிந்தவள் நிமிர்ந்தாள். ஜிஷாவின் கையைப் பிடித்து இழுத்து, அந்தப் பட்டையின் மேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.