இடது கை மட்டும் பச்சை

என் மனைவி ஞானகுமாரி எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கராக இருந்தவள். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, குறை தெரிகிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. குறை இல்லாதது பாஸ். சரிபண்ணக்கூடியது ஆல்டர். மற்றதெல்லாம் ரிஜெக்ட், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கண்ணில் படக் கூடாது. வேலையை விட்டு வரும்போது அரைச் சுருள் ஸ்டிக்கரையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். திருமுல்லைவாயில் வீட்டில் பெயிண்ட் உரிந்த சுவரிலும், நான் சரியாக மூடாத ஊறுகாய் பாட்டிலிலும் அம்பு இருக்கும். இவள் என்னை எப்படிப் பாஸ் பண்ணினாள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

எனக்குக் கிட்னி போய் இரண்டு வருஷம். வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் மிஷினைச் சுற்றிவிட்டு வரும். தலைக்கு நேர் மேலே ஏசி. பல் தந்தியடிக்கும். சென்னையில் குளிருகிறது என்றால் கேட்பவன் சிரிக்கிறான், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போர்வை போர்த்தினாலும் ஊசி குத்திய இடது கையை வெளியே நீட்ட வேண்டும். கடையில் வாங்கிய ஸ்வெட்டரின் கையைச் சுருட்ட முடியவில்லை, மேலெல்லாம் அரிப்பு வேறு.

“கடைச் சாயம்தான் அரிக்குது. நானே போட்டுத் தரேன்” என்றாள் ஞானகுமாரி. ஆவடி கான்வென்ட்டில் படித்தபோது கிராஃப்ட் வகுப்பில் கற்ற பின்னல். இடது கையில் மட்டும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை பட்டன் வைத்து, வேண்டிய இடத்தில் திறந்துகொள்கிற மாதிரி ஒரு ஸ்வெட்டர் என்று திட்டம்.

வெள்ளைக் கம்பளி நூல் வாங்கினாள். ஆயுதபூஜைக்கு மறுநாள் என் பழைய பட்டறை நண்பன் உதயகுமார், மிஷின்களுக்குப் போட்ட துலுக்கச் சாமந்தி மாலைகளை ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து போட்டான். பூவைக் கொதிக்கவைத்துப் படிகாரம் போட்டு நூலை முக்கினாள். நல்ல மஞ்சள். அவள் பின்னினாள், நூல் சிக்காமல் இருக்க நான் அதை மாட்டிய இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் மாட்டியவன் போல எதிரில் உட்கார்ந்திருந்தேன். உடம்பும் வலது கையும் முடிந்தன. இடது கைக்கு நூல் போதவில்லை. மீதி வெள்ளை நூலுக்குக் காயவைத்த பூவில் மறுபடி சாயம் போட வேண்டியதாயிற்று.

“அண்டால லாரித் தண்ணி ரொப்பி வைங்க. போர் தண்ணி வேணாம், இரும்பு கீது, சாயம் மாறிடும்” என்று சொல்லிவிட்டு சர்ச்சில் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போனாள்.

எங்கள் போர் தண்ணீரில் நாலு தடவை துவைத்தால் வெள்ளை வேட்டி செங்கல் நிறமாகிவிடும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. டிரம்மின் அடியில் கிடந்ததைக் குனிந்து குனிந்து மொள்ள வேண்டும். டயாலிசிஸுக்கு மறுநாள், உடம்பில் தெம்பில்லை. தண்ணி தண்ணிதானே என்று மோட்டாரைப் போட்டு அண்டாவை நிரப்பினேன்.

நூல் பாசிப் பச்சையாக வந்தது.

பூ கெட்டுவிட்டது என்றாள். படிகாரம் குறைந்துவிட்டது என்றாள். கடைசியில் “எனக்குத்தான் வயசாயிடுச்சு” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. காய்ந்தால் வெளுக்கும் என்று நம்பிப் பின்னிப் பட்டனும் தைத்தாள். வெளுக்கவில்லை. பச்சைக் கையில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஷேடு மாறினால் ரிஜெக்ட்.

“எந்தக் கலரா இருந்தா இன்னா? எனக்குக் குளுருது ஞானம்!”

“இத்தப் போட்டுகினு நாலு பேரு முன்னாடி படுப்பீங்களா? பையர் பாத்தா இன்னா சொல்லுவான்?”

“யாருடி பையரு? நான்தான்டி பையரு!”

அவள் அசையவில்லை. நான் இரண்டு வாரம் நடுங்கினேன். பீரோவுக்குள் ஸ்வெட்டர், கட்டிலில் நான். கோபமெல்லாம் அவள் மேல் என்று கத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் என் மேல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வார்டுக்குப் புதுசாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள், கவிப்பிரியா என்று பெயர். நான் கண்ணயர்ந்திருந்தேன். அவள் பிபி பட்டையை என் இடது கையில் சுற்றிவிட்டாள். ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை இணைத்த கை அது. இறுக்கினால் அடைத்துக்கொள்ளும், மறுபடி ஆபரேஷன், அதுவும் சரியாக வருமா என்று தெரியாது. கதவருகே நின்ற ஞானகுமாரி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்துவிட்டார். பட்டையைக் கழற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் என் இடது கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. “அது போர் தண்ணி ஞானம். நான்தான் ரொப்பினேன்” என்றேன்.

என் கையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “ஒரு மாசமா நான் என்னையே ரிஜெக்ட் பண்ணிகினு இருந்தேன். பாத்துகினுதானே இருந்தீங்க?” என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளே பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எனக்கு மாட்டிவிட்டாள். வார்டில் கவிப்பிரியாவைக் கூப்பிட்டு, “மஞ்சக் கைல பிபி பாரு. பச்சக் கைல ஊசி மட்டும்தான், பட்டையச் சுத்தாத” என்றாள்.

“நல்ல ஐடியா ஆன்ட்டி! வேணும்னே கலர் மாத்திப் போட்டீங்களா?”

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இல்லமா, இவரு தண்ணிய மாத்திட்டாரு” என்றாள் ஞானகுமாரி. வார்டே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்குக் குளிரவில்லை.

அவள் பச்சைக் கையிலிருந்த அம்பை உரித்தாள். எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் மூஞ்சியைக் காட்டுகிற மாதிரி என் நெஞ்சில் ஒட்டினாள்.

“ரிஜெக்ட்டா?” என்றேன்.

ஊசி குத்தப் பட்டனைத் திறந்து நர்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆல்டரு.”